கர்ச்சீப் போட்ட சீட்

“வெளிநாட்டுலேர்ந்து படிக்க வந்த புள்ள. பத்திரமா கடலூர் போயிட்டு, இருட்டுறதுக்குள்ள வந்துடணும்” என்று ஹாஸ்டல் வார்டன் இருவரையும் நிறுத்திவைத்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சுவேதா வரிசையைத் தேடினாள். கிரேஸுக்குச் சிரிப்பு வந்தது.

“வரிசைல நின்னா நாளைக்குத்தான் போவ. பஸ் வந்ததும் கர்ச்சீப்ப ஜன்னல் வழியா சீட்ல போடு.”

“யாராவது எடுத்துட்டா, கிரேஸ்க்கா?”

“எடுக்க மாட்டாங்க. துணி வுழுந்தா சீட்டு நமக்கு. ஏறும்போது ‘கொஞ்சம் தள்ளுங்க’ன்னு சொல்லிக்கிட்டே நொழஞ்சிடணும்.”

“கேட்டுட்டு நொழையக் கூடாதா?”

“கேட்டா யாரு வுடுவாங்க?”

பஸ் வந்தது. சுவேதா கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கர்ச்சீப், உள்ளே இருந்த ஒரு பெரியம்மாவின் மடியில் விழுந்தது. கிரேஸ் தன் துப்பட்டாவை எறிந்து, அவர் பக்கத்திலேயே இரண்டு இடம் பிடித்தாள்.

உட்கார்ந்ததும் பெரியம்மா கர்ச்சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வெளிநாடா?” என்றார்.

“ஆமாங்க, கென்யா” என்றாள் கிரேஸ். “இங்க வந்து ரெண்டு வருஷம் ஆவுது.”

“அப்ப இந்தப் பொண்ணு?”

“கடலூரு மஞ்சக்குப்பம்” என்று முனகினாள் சுவேதா. “எங்க போனாலும் அப்பா கார்லதான். இன்னக்கி காரு சர்வீஸுக்குப் போயிடுச்சு. இவங்கள எங்க வீட்டுக்குச் சாப்பிட நான்தான் கூட்டிட்டுப் போறேன்.”

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

கிரேஸ் சுவேதாவின் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

“ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, பெரியம்மா. ஊருக்குப் புதுசு. போகப்போகப் பழகிடுவா.”