மஞ்சளாய் ஒளிர்ந்த சொல்

கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில் மதிய மழை காபிக் கடையின் தகரக் கூரையில் தடதடக்கிறது. விச்செக்கா ஐஸ் காபியைத் தொடாமல் மடிக்கணினியையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். கெமர் மொழியில் சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுதுவதில்லை. ஒட்டிக் கிடக்கும் வரியைச் சொற்களாகப் பிரிக்கும் மென்பொருளை அவளும் உடன் வேலைபார்க்கும் இளைஞன் போரினும் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குப் பொதுவாக விட்டிருக்கிறார்கள். அதற்கொரு கையேட்டை வலையில் ஏற்ற இப்போது கருவி தேடுகிறார்கள். இரண்டைப் பார்த்தாயிற்று. பக்கமெல்லாம் பளபளக்கிறது, தேடினால் ஒரு கெமர்ச் சொல்லும் அகப்படவில்லை. "பேசாம இங்கிலீஷ்லயே எழுதிடலாம்க்கா," என்கிறான் போரின், ஐஸைக் கடித்தபடி. "அப்புறம் நம்ம பசங்க எதப் படிப்பாங்க? வாய மூடிட்டு மூணாவதத் திற." திறந்ததும் தேடல் பெட்டியில் 'சோறு' என்று கெமரில் தட்டுகிறாள். மாதிரி வாக்கியத்தின் நடுவே அந்தச் சொல் மட்டும் மஞ்சளாக ஒளிர்கிறது. போரின் கருவியின் நிரலுக்குள்ளே துழாவிப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிடுகிறான். "அக்கா, இதுல சொல்லப் பிரிக்கிறதே நம்ம சரக்குதான்! யாரோ புண்ணியவான் எடுத்து உள்ள கோத்திருக்கான்." "நம்ம கையேடே இல்லாமலா கோத்தான்?" என்கிறாள் விச்செக்கா. பிறகு, ஆசிரியர்களுக்குச் செய்வதுபோல் கூப்பிய கைகளை மூக்குவரை உயர்த்தி, அதைக் கோத்தவர் என்று திரையிலிருக்கும் அந்த முன்பின் அறியாத பெயரை வணங்குகிறாள்.