கூட வந்த வாளி

ஒரு கடையில் சோப்புத்தூள் பாக்கெட்டோடு நீல வாளி ஒன்றை இலவசமாகச் சேர்த்துக் கட்டி விற்றார்கள். தாட்சாயிணி வாங்கினாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பாக்கெட் வாளியைச் சீண்டிக்கொண்டே வந்தது.

"காசு எனக்குத்தான் குடுத்தாங்க. நீ ஓசியில ஒட்டிக்கிட்டு வர்ற பயல்."

வீட்டில் தன்னை எங்கே வைப்பார்களோ என்று பாக்கெட்டுக்கு ஒரே ஆவல்.

"மறுபடியும் சோப்புத்தூளா?" என்றார் கணவர்.

"வாளியோட நிறத்தைப் பாருங்க! விட்டுட்டு வர மனசு வரலை."

வாளி குளியலறைக்குப் போனது. பாக்கெட்டைப் பரணில் ஏற்றினாள். அங்கே பிரிக்காத பழைய பாக்கெட்டுகள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தன.

"வா தம்பி," என்றது ஒன்று. "என்கூட டிபன் டப்பா குடுத்தாங்க. உன்கூட என்ன?"