பன்னிரண்டாம் மேடை

"இந்த நிமிஷத்துலேர்ந்து நீ செத்தவன். மூச்சுக் காட்டக் கூடாது," என்று காதோரம் சொல்லிவிட்டு, அக்காவின் கணவர் தையல்காரரின் காலரைச் சரிசெய்தார்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு."

"செத்தவனுக்கு என்னய்யா பயம்? வாயை மூடு!"

வெளியே கார்க் கதவுகள் படபடவென்று சாத்தும் சத்தம். அமைச்சர் வந்துவிட்டார்.

மாநிலத்தில் பிறந்து உலகமெல்லாம் பேர் வாங்கிய பன்னிரண்டு பேருக்கு, ஒரே கூடத்தில் மெழுகுச் சிலைகள். சிலை செய்யும் ஒப்பந்தம் மாமாவுக்கு. சிலைகளை ஒவ்வொன்றாக டேப் வைத்து அளந்து உடுப்புத் தைத்தது மைத்துனரான இந்தத் தையல்காரர். இன்றைக்குத் திறப்பு விழா.

முந்தாநாள் கூடத்தின் ஏசி படுத்துவிட்டது. "வானியல் மேதை மட்டும் உருகிட்டார்யா. உன் வழுக்கையும் மூக்கும் அவருக்கு அச்சு அசல். ஒரு மணி நேரம் நின்னுடு. இல்லேன்னா நான் கம்பி எண்ணணும், உங்க அக்கா நடுத்தெருவுல நிக்கணும்," என்று காலையில் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார் மாமா. அக்கா என்றதும் இவர் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

ஆட்டிய தலையை இப்போது தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கையை அசைக்க முடியாது. வலது கையின் ஆட்காட்டி விரல் ஏதோ ஒரு நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த விரல்தான் நடுங்கித் தொலைத்தது. மேதை நட்சத்திரம் காட்டுகிறாரா, ஈ ஓட்டுகிறாரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

மற்ற பதினொருவரும் அவரவர் மேடையில் ஜம்மென்று நின்றிருந்தார்கள். பக்கத்தில் மல்யுத்த வீரர், எதிரே மாநிலத்தின் முதல் பெண் விமானி. கடைக்கண்ணால் பார்த்த தையல்காரருக்குச் சுருக்கென்றது. வீரரின் சட்டை வயிற்றில் இறுகி, பித்தான்கள் எந்த நேரமும் தெறிக்கலாம் என்று நின்றன. விமானியின் முழுக்கைச் சட்டையோ விரல் நுனிவரை தொங்கியது. இருபது வருஷத் தொழிலில் அவர் கத்தரி இப்படிச் சொதப்பியதே இல்லை.

வெட்கப்படக்கூட நேரமில்லை. கதவு திறந்து, அமைச்சரும் மனைவியும் பத்துப் பதினைந்து பேரும் உள்ளே வந்தார்கள்.

"இவங்க எல்லாரும் நம்ம மண்ணுல பிறந்தவங்க," என்று அமைச்சர் பெருமையாகக் கையை வீசினார். மெல்ல மெல்ல ஒவ்வொரு மேடையாகப் பார்த்துக்கொண்டு கூட்டம் நெருங்கியது.

"உயிரோட நிக்கிற மாதிரியே இருக்குங்க," என்றார் அமைச்சரின் மனைவி, தையல்காரரின் முகத்துக்கு நேரே வந்து. "கண்ணுகூட ஈரமா இருக்கு, பாருங்களேன்!"

"வார்னிஷ்ங்கம்மா, வெளிநாட்டு வார்னிஷ்," என்றார் மாமா. அவர் குரலும் சற்றுப் பிசிறடித்தது.

அமைச்சர் கயிற்றைத் தாண்டி மேடையில் ஏறிவிட்டார். "இவர் எங்க தொகுதிக்காரர்யா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்று நீட்டிய கையைப் பற்றியவர், புருவத்தைச் சுருக்கினார். "என்னய்யா இது, கை சூடா இருக்கு?"

தையல்காரருக்கு உயிர் பாதி போய்விட்டது. ஓடிவிடலாமா, காலில் விழுந்துவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அசையவில்லை.

"விளக்கு வெளிச்சம் நேரா படுதில்லைங்களா? மெழுகு சட்டுனு சூடேறிடும்," என்றார் மாமா. "ரொம்ப நேரம் பிடிச்சா விரல் கையோட வந்துடுங்கய்யா."

அமைச்சர் சட்டென்று கையை விட்டார். அந்த நேரம் பார்த்து, வழுக்கையில் முளைத்த வியர்வைத் துளி ஒன்று நெற்றி வழியாக இறங்கி மூக்கு நுனியில் வந்து தொங்கியது. எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான்.

"ஐயோ, உருக ஆரம்பிச்சுட்டாருங்க!" என்று மாமா அலறினார். "கூட்டத்தோட சூடு தாங்காது. எல்லாரும் வெளியே வாங்க, காபி ரெடியா இருக்கு!"

ஆடு மாடு ஓட்டுவதுபோல் அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார் மாமா. அமைச்சர் வாசலிலேயே நின்று, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிருபர்களிடம் பேச ஆரம்பித்தார்.

தப்பித்தோம். அக்காவும் பிழைத்தாள். தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அடக்கி வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார்.

விட்டு முடித்த பிறகும் மூச்சுச் சத்தம் கேட்டது.

அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் கேட்டது. பக்கத்து மேடையிலிருந்து, புஸ் புஸ்ஸென்று.

மெல்லத் தலையைத் திருப்பினார். செத்து நாற்பது வருஷமான மல்யுத்த வீரர், கண்ணை உருட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைக் கூட்டுவதற்கு வாயைத் திறந்தார் தையல்காரர்.

வீரர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"கத்தாதீங்கண்ணே... எங்க பதினோரு பேரையும் மாட்டி விட்டுடாதீங்க!"