ஒன்றரைச் செங்கல்

"கல்யாணத்துக்குக்கூட அந்தச் சுவரை எடுக்க விடமாட்டேங்கறானாடி உன் சித்தப்பா?"

ஆராவமுதன் கேட்டதும் ரமா தயங்கினாள். ஹாலைக் குறுக்கே வெட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா சீனிவாசராகவன் குடும்பம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. வாசல் வழியாகச் சுற்றிப் போய்த் தூது சொல்வது அவள்தான்.

"முதல்ல ஒரு இன்ஜினியரைக் கூட்டிண்டு வந்து காட்டச் சொல்லு, அப்புறம் பேசலாம்கறார்ப்பா."

"இவன் கட்டின சுவருக்கு இன்ஜினியர் வேறயா?"

மல்லேஸ்வரத்தில் ஆராவமுதனின் அப்பா கட்டிய வீடு அது. அந்த ஹாலின் தேக்கு உத்தரத்தில் தன் கல்யாண ஊஞ்சலைக் கட்டி, சித்தப்பாவும் சித்தியும் வடம் பிடித்து ஆட்டினால்தான் உட்காருவேன் என்று ரமா பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அதற்காகவே ஆராவமுதன் மனமிறங்கி, சுவரை இடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சண்டை வந்ததே அற்பக் காரணத்துக்கு. எட்டு வருஷத்துக்கு முன்பு, கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அவர் அணைத்துவிட்டார். ஒரு மேட்ச் கேட்கக்கூட எனக்கு இந்த வீட்டில் உரிமையில்லையா என்று தம்பி குதித்தார். மறுநாளே செங்கல் வந்து இறங்கியது. பார்க்கப் பிடிக்காமல் ஆராவமுதன் குடும்பத்தோடு மைசூருக்குப் போய்விட்டார். திரும்பியபோது சுவர் நின்றது. அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோ சத்தம் கேட்டதே இல்லை. நம் குரல் காதில் விழக் கூடாதென்றுதான் இத்தனை கனமாகக் கட்டியிருக்கிறான் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிக் குமைந்தார்.

பக்கத்துத் தெரு சுந்தரராமன், ரிட்டயரான இன்ஜினியர், ஏணியோடு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கனத்தை அளந்தார். பிறகு ஏணியில் ஏறி உத்தரத்தில் பேனாக்கத்தியைக் குத்தினார். கத்தி கைப்பிடி வரை இறங்கியது. அவருடைய வழுக்கைத் தலையில் மரத்தூள் கொட்டியது.

"ஆராவமுது, உள்ளே முழுக்கக் கரையான். கூரையைத் தாங்கறது உத்தரம் இல்லை, இந்தச் சுவர். மறைப்புக்கு அரைச் செங்கல் கனம் போதும். இது ஒன்றரைச் செங்கல், கீழே நல்ல அஸ்திவாரம். இதைத் தொட்டுடாதே."

ஆராவமுதன் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். சண்டைக்குக் கொஞ்ச நாள் முன்பு, உத்தரத்திலிருந்து மாவு கொட்டுகிறது என்று தம்பி ஒருதரம் சொன்னதும், அப்பா போட்ட தேக்கைக் குறை சொல்கிறாயா பயந்தாங்கொள்ளி என்று எல்லோர் எதிரிலும் தான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அப்போது சிறுமியாக இருந்த ரமா படுத்துத் தூங்கியது அதற்கு நேர் கீழேதான்.

செருப்புகூடப் போடாமல் வாசலைச் சுற்றி ஓடினார். கதவைத் திறந்த தம்பி மனைவி அலர்மேல்மங்கை ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே தம்பி எழுந்து நின்றார்.

ஆராவமுதன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "பெருமாள் உன் கோபத்தைக்கூட எங்களுக்கு நல்லதாப் பண்ணிட்டார்டா. என் குழந்தை பிழைச்சுது. ஊஞ்சலை வாசல் பந்தல்ல கட்டிக்கலாம், நீதான் வடம் பிடிக்கணும். அன்னிக்கு ரேடியோவை அணைச்சது என் தப்பு. எட்டு வருஷமா அதையே மனசுல வெச்சிண்டிருந்தியே."

"நாம சமாதானம் ஆகியிருந்தா மறுநாளே சுவரை இடிச்சிருப்பியே, அண்ணா," என்றார் சீனிவாசராகவன். "கிரிக்கெட்ல எத்தனை பேர் ஆடுவான்னுகூட இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."