மூக்குச் சோதனை

காலையில் எழுந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். முகக்கவசம் மாட்டுகிறேன். மாமியார் டீயை என் அறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்.

ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்து என் மனைவி இறந்த பிறகும் வீட்டில் இந்தச் சட்டம் மாறவில்லை.

"ஆம்பளைங்க மூக்கு பூரா கிருமிதான். அவ பக்கம் போகாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே மாப்பிள்ளை!"

"நான் ரூமுக்குள்ளயே வரலையே, அத்தை."

"வாசல்ல நின்னு மூச்சு விட்டீங்கல்ல?"

புண்ணுக்குக் கிருமி யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க எடுத்த எங்கள் இருவரின் மூக்குச் சோதனை முடிவையும் இன்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"உங்ககிட்ட எதுவும் இல்ல" என்றார் டாக்டர் என்னிடம். பிறகு மாமியாரிடம் திரும்பினார். "புண்ணுல இருந்த அதே கிருமி உங்க மூக்குல இருக்கும்மா. மூக்கைத் தொட்ட கையால கட்டு மாத்தியிருப்பீங்க. மாதவிடாய் நின்னதுக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடறீங்க இல்லையா? பெண்கள் மூக்குல இந்தக் கிருமி தங்கறதுக்கு ஹார்மோனும் காரணமா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே படிக்கட்டில் மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதன்முறையாக என் கையைப் பிடித்தார்.

"நான் மருந்து வாங்கப் போன நேரம் பாத்துப் போயிட்டாளே. கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? என்னைத் தேடினாளா?"

தினமும் இதைத்தான் கேட்பார். நானும் வேண்டுமென்றே வாய் திறக்க மாட்டேன். இன்று முகக்கவசத்தைக் கழற்றினேன்.

"தேடினா அத்தை. கட்டு நனைஞ்சிருக்கே, நான் மாத்தட்டுமான்னு வாசல்ல நின்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்னா..."

"என்ன சொன்னா?"

"'நீங்க தொடாதீங்க. அம்மா வரட்டும். அவங்க கை மட்டும்தான் சுத்தம்.'"