புது அப்டேட்

“கேமும்மா இது. சத்தியமா கேமு. செத்த நேரம் அழாம இரு.”

ரோஷன் அம்மாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். அன்பியம் என்கிற சர்ச்சுத் தெருக்குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில், காலை ஜெபத்துக்கும் புனிதர் படத்துக்கும் நடுவே யாரோ ஒரு புண்ணியவான் தட்டிவிட்ட வீடியோ. வானத்தில் ஒரு போர் விமானம், பின்னாலேயே ஒரு வெள்ளைக் கோடு, அப்புறம் நெருப்பு. ‘எல்லையில் நம் விமானம் வீழ்ந்தது’ என்று மேலே சிவப்பு எழுத்து வேறு.

வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால் நம் ஊரில் அது வேதவாக்கு. அன்பியத்துப் பெண்கள் ஜெபமாலையும் கையுமாக வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூத்தவன் அமலனோ விமானப்படையில் பைலட். சண்டை தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. அவன் மனைவி ஷைனி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“டிவியப் போட்டா உண்மை தெரிஞ்சிரும்ல?” என்றாள் இஞ்ஞாசியம்மாள். நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“காலையில இருந்து கேபிள் வரல அத்தை” என்றாள் ஷைனி, அடுப்படியிலிருந்து.

“டிவி எதுக்கு? நானே போட்டுக் காட்டுறேன், வாங்க.” ரோஷன் கம்ப்யூட்டரைத் திறந்தான். இஞ்சினியரிங் முடித்துவிட்டு இந்த விமான விளையாட்டே கதியென்று கிடக்கிறானே என்று தினமும் கரித்துக்கொட்டிய அம்மா, இன்றைக்கு அதன் முன்னால் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனும் தம்பியும் போனில் இதைப் பற்றித்தான் மல்லுக்கட்டுவார்கள். பிரெஞ்சுக்காரன் விமானம் சின்னது, சட்டென்று திரும்பும் என்பான் ரோஷன். ரஷ்யாக்காரன் வண்டி கனம்தான், ஆனால் அது தூக்குகிற ஏவுகணையை எண்ணிப் பார்த்தியா என்பான் அமலன். கடைசியில், “எது ஓட்டுனா என்னடா, முதல்ல பாத்தவன் பொழைச்சான்” என்று அவனே முடித்துவைப்பான்.

“இதுல எந்த ராக்கெட்டு மாப்ள மோசம்?” என்று கேட்டார், பெண்களோடு வந்திருந்த சிலுவைமுத்து. அன்பியத் தலைவர், ரிட்டயர்டு கண்டக்டர். எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்ற விவஸ்தையே கிடையாது மனுசனுக்கு.

“ரேடார் வச்சு விடுறது தூரத்துல இருந்து வரும் மாமா. ஆனா அது பிடிச்ச உடனே பைலட்டுக்கு மணி அடிச்சிரும், திரும்பித் தப்பிக்கலாம். இன்னொண்ணு இஞ்சின் சூட்ட மோப்பம் பிடிச்சு வர்றது. அதுக்கு மணி கிடையாது.”

“அப்ப வர்றது தெரியவே தெரியாதா?”

“பின்னாடி திரும்பிப் பாத்தாத்தான்.”

ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு, சூட்டு ஏவுகணையை அதன் மேல் ஏவினான். வெள்ளைக் கோடு, நெருப்பு. “எம்மாடி, அச்சு அசலா அதே மாதிரியில்ல இருக்கு” என்றாள் இஞ்ஞாசியம்மாள். முகத்தில் ரத்தம் திரும்பியது.

“அதத்தானம்மா சொல்றேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு.” போனை ஸ்கிரீனோடு ஒட்டிப் பிடித்து வீடியோவை மறுபடி ஓட்டினான்.

விமானம் வெடித்தது. கீழே வயலிலிருந்து ஒரு கொக்கு மிரண்டு எழுந்து, திரையைக் குறுக்கே கடந்து போனது.

இந்த விளையாட்டில் உலகத்திலுள்ள விமானமெல்லாம் இருக்கிறது, அதன் போல்ட்டு நட்டுவரை இருக்கிறது. பறவை மட்டும் கிடையாது.

“இந்தா, கொக்கு ஒண்ணு போகுதே மாப்ள?” என்றார் சிலுவைமுத்து.

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஜெபமாலை உருட்டிய விரல்கள்கூட நின்றுவிட்டன.

“அது மாமா… புது அப்டேட்ல கொக்கெல்லாம் விட்டுருக்காய்ங்க” என்றான் ரோஷன்.

“ஆமாத்தை, புதுசுல இருக்கு. நானே பாத்தேன்” என்றாள் ஷைனி. காபித் தட்டோடு வந்து நின்றவள், சிலுவைமுத்துவுக்கு முதல் டம்ளரை நீட்டினாள். “சர்க்கரை போதுமா பாருங்க மாமா.”

அவள் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்தவளில்லை. பாவம், பயத்தில் எதையாவது நம்பிக்கொள்கிறாள் என்று நினைத்தான் ரோஷன்.

இஞ்ஞாசியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கூறுகெட்ட பயலுக, கேமப் போட்டு ஒரு உசுர வாங்கப் பாத்தாய்ங்களே” என்று வைதாள். மருமகள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாள், மாத்திரை போட்டாள், அசந்து தூங்கியும் போனாள். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

கொல்லைப்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ரோஷன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அண்ணன் விமானமாக இருக்காது, வேறு யாருடையதாகவோ இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஷைனி துண்டோடு நின்றாள்.

சட்டென்று முகத்தைக் கழுவிக்கொண்டான். “தூசி விழுந்துருச்சு மதினி. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. அது கேமுதான், எனக்கு நல்லாத் தெரியும்.”

ஷைனி துண்டை அவன் தோளில் போட்டாள். குழாயை அடைக்கப் போனவனைத் தடுத்தாள்.

“ஓடட்டும் தம்பி. அத்தைக்கு டாக்டர வச்சுக்கிட்டு நாளைக்குச் சொல்லிக்கலாம்” என்றாள். “எனக்குக் காலையிலயே போன் வந்துருச்சு.”