போர்டு மட்டும் புதுசு

கள்ளக்குறிச்சியில் டேவிட் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு, ராயப்பன் தன் வீட்டு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் அவர் மகள் மெர்லினுக்கும் டேவிட்டுக்கும் சங்கராபுரத்தில் கல்யாணம்.

டேவிட் திறந்து பார்த்தான். “மதர்போர்டு எரிஞ்சிபோச்சி மாமா. வேற போடணும்.”

“கல்யாணப் பத்திரிகையை அதுலதான்பா அடிச்சி வெச்சிருக்கேன். போயிடுமா?”

“விண்டோஸைத் தொடவே மாட்டேன். போர்டு மட்டுந்தான் புதுசு. மத்ததெல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கும்.”

“புது போர்டை அது ஏத்துக்குமா?”

“மொதல்ல கொஞ்சம் முரண்டு பண்ணும். அப்புறம் பழகிக்கும்.”

“பழசைத் தேடாதா?”

“ரெண்டு தபா ரீஸ்டார்ட் பண்ணா மறந்துடும் மாமா!”

ராயப்பனின் முகம் தெளிந்தது. மாமனாரிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமே என்று டேவிட் சாப்பிடாமல்கூட வேலை பார்த்தான். சாயங்காலம் பழைய திரை அப்படியே வந்தது. பத்திரிகையும் திறந்தது.

“இன்னா மாமா, எல்லாம் சரியா இருக்குதா?”

“எல்லாம் சரி. மண்டபம், பிரியாணி, பேண்டு செட்டு எதையும் மாத்தல. மாப்பிள்ளை பேரை மட்டும் அழிச்சிட்டு ஜோஸ்வான்னு அடி. கவர்மெண்டு உத்தியோகம்.”

டேவிட்டின் விரல்கள் கீபோர்டு மேலேயே நின்றன. “மெர்லின் இன்னா சொல்றா மாமா?”

“மொதல்ல கொஞ்சம் முரண்டு பண்றா. பழகிக்கும்னு நீதான சொன்ன? அப்புறம் தம்பி, இனிமே மாமா வேணாம். அண்ணேன்னு கூப்புடு.”